54 வருடம் ஓடிய மராத்தான்

"எப்படிப் போகுது வாழ்க்கை?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் சொல்லும் பதில், "ஏதோ ஓடுது". கடை ஓடுது, பொழப்பு ஓடுது, நாள் ஓடுது, படம் நல்லா ஓடுது. நான் எழுதும் ப்ரோக்ராம்கூட சர்வரில் ஓடத்தான் செய்கிறது. தமிழில் இந்த "ஓடுது"வைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இதில் போட்டி கிடையாது, எதிராளி கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. ஆறு ஓடுற மாதிரி ஓடுது, அவ்வளவுதான்.

ஆபீசுக்குள் நுழைந்துவிட்டால் வேறு மாதிரி ஓட்டம். எங்கள் மென்பொருள் துறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு பெரிய மேலாளர் மேடையேறி, "நண்பர்களே, வாழ்க்கை ஸ்பிரிண்ட் இல்லை, மராத்தான்" என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் ஸ்பிரிண்ட் பிளானிங் இருக்கும். இருபது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மராத்தான் உவமை எங்கிருந்து வந்தது? அதை நிஜமாகவே நம்பி ஓடியவர்களுக்கு என்ன ஆச்சு?

தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிரேக்கத்தில் தொடங்கிய தேடல், ஜப்பானில் இரண்டு ஓட்டக்காரர்களிடம் போய் நின்றது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்துத் தருகிறேன்.

செத்துப்போன தூதுவன்

நமக்கெல்லாம் தெரிந்த கதை இதுதான். கி.மு. 490. மராத்தான் சமவெளியில் ஏதென்ஸ்காரர்கள் பாரசீகப் படையைத் தோற்கடிக்கிறார்கள். ஃபிடிப்பிடிஸ் என்ற தூதுவன் அங்கிருந்து ஏதென்ஸ் வரை ஓடி வந்து, "ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கீழே விழுந்து சாகிறான். பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருப்போம்.

இந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான பழைய ஆதாரம் ஹெரோடோட்டஸ். போர் நடந்து சில பத்தாண்டுகளுக்குள் எழுதியவர். அவருடைய நூலில் இந்தக் காட்சியே கிடையாது! அவர் சொல்வது வேறு ஓட்டம். போருக்கு முன்னால், உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஒரு தூதுவனை அனுப்புகிறார்கள். சில சுவடிகளில் ஃபிலிப்பிடிஸ், சிலவற்றில் ஃபிடிப்பிடிஸ். தொழில்முறைத் தூதுவன். கிரேக்க மொழியில் இவர்களுக்கு "பகல் முழுக்க ஓடுபவன்" என்ற பொருளில் தனிப் பெயரே உண்டு. சுமார் 240 கிலோமீட்டர் தூரம். கிளம்பிய மறுநாளே ஸ்பார்ட்டாவில் நிற்கிறான்.

ஸ்பார்ட்டாக்காரர்களோ, பௌர்ணமி வராமல் படை கிளம்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பௌர்ணமி கழித்து 2000 பேர் வேகவேகமாக வந்து சேர்வதற்குள் சண்டை முடிந்துவிட்டது. போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்து, ஏதென்ஸ்காரர்களைப் பாராட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஆக, மிகப் பழைய கதையில் ஓடினவன் சாகவில்லை. அவன் கொண்டுபோன செய்தியும் கேட்ட பலனைத் தரவில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. மராத்தான் களத்திலேயே ஓர் ஓட்டத்தை ஹெரோடோட்டஸ் சொல்கிறார். ஏதென்ஸ் படை மொத்தமும் எட்டு ஸ்டேடியம் தூரம், கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், எதிரியை நோக்கி ஓடியே போய்த் தாக்கியது என்கிறார். அந்தச் சமவெளியில் ஓடியது தனி ஆள் இல்லை, ஒரு கூட்டம்.

சரி, சாகும் தூதுவன் எப்போது வந்தான்? கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த புளூட்டார்க்கின் எழுத்தில் வருகிறான். அங்கே அவன் பெயர் யூக்ளிஸ்; அல்லது, இன்னொரு பழைய ஆசிரியரின் கருத்துப்படி, தெர்சிப்பஸ். அடுத்த நூற்றாண்டில் லூசியன் எழுதும்போதுதான் அந்தச் சாவு ஃபிலிப்பிடிஸ் பெயருக்கு மாறுகிறது. போர் நடந்து 600 வருடம் ஆன பிறகு! கடைசியில் 1879-ல் ராபர்ட் பிரௌனிங் என்ற ஆங்கிலக் கவிஞர் ஸ்பார்ட்டா ஓட்டத்தையும் சாவையும் ஒரே ஆளின் கதையாக இணைத்துக் கவிதை எழுதினார். ஐரோப்பாவுக்குப் பிடித்துப்போனது அந்த வடிவம்தான்.

கோட்டைப் போட்டது யார்?

1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக்ஸ். அதில் மராத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஒரு ஓட்டப்பந்தயம் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் மிஷேல் பிரேயால், ஒரு பிரெஞ்சு மொழியியல் அறிஞர். ஜெயிப்பவருக்குக் கோப்பையும் தானே தருவதாகச் சொன்னார். சுமார் 40 கிலோமீட்டர். ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஜெயித்தார். தண்ணீர் சுமந்து விற்று வாழ்ந்தவர்.

இன்றைக்கு பனியனில் அச்சடித்து மாட்டிக்கொள்கிற 42.195 கிலோமீட்டர் எப்படி வந்தது என்பது இன்னும் வேடிக்கை. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓட்டம் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரில் முடியவேண்டும் என்று வைத்தார்கள். அளந்து பார்த்தால் 26 மைல் 385 கஜம். 1921-ல் அதையே உலகத்துக்கெல்லாம் பொதுவான தூரமாக்கிவிட்டார்கள். மனித உடம்புக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ராணி எங்கே உட்கார்ந்தாரோ அங்கே கோடு.

மராத்தான் உவமையில் நான் முதலில் கவனித்தது இதைத்தான். கோட்டை எங்கே போடுவது என்று ஓடுகிறவரைக் கேட்டு யாரும் போடுவதில்லை. கோடு வரைக்கும் போய்ச் செத்தாலும் பரவாயில்லை என்கிற கதை வேறு அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதை ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

காணாமல்போன ஜப்பான்காரர்

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பான் முதல்முறையாக வீரர்களை அனுப்பியது. மொத்தமே இரண்டு பேர். குறுந்தூர ஓட்டத்துக்கு மிஷிமா யாஹிகோ, மராத்தானுக்கு கனகுரி ஷிசோ. இருவரையும் அழைத்துப் போக முன்னின்றவர் கானோ ஜிகோரோ. ஜூடோவை உருவாக்கியவர், கனகுரி படித்த டோக்கியோ உயர் ஆசிரியப் பள்ளியின் தலைவரும் அவரே. பயணச் செலவுக்குப் பள்ளியிலேயே நிதி திரட்டினார்கள். கப்பல், பிறகு சைபீரியா வழியாக ரயில். போய்ச் சேரவே 18 நாள்.

கனகுரிக்கு அப்போது 20 வயது. முந்தைய ஆண்டு நடந்த தேர்வு ஓட்டத்தில் அவர் எடுத்த நேரம், அன்றைய உலக அளவையே தாண்டியது என்று பேசப்பட்டது. அதனால் ஊரே எதிர்பார்த்தது. ஸ்டாக்ஹோமில் எல்லாம் கோணலாகப் போனது. கோடைக்கால ராத்திரியில் அங்கே சரியாக இருட்டுவதில்லை, தூக்கம் கெட்டது. உடன் வந்த மேலாளர் ஓமோரி ஹியோசோ காசநோயில் படுத்துவிட்டார். கனகுரியின் காலில் இருந்தது ஷூ கிடையாது, தபி என்று ஜப்பானியர் அணியும் துணிக் காலுறை. அடியில் கொஞ்சம் கனமாகத் தைத்தது. அந்த ஊரின் கெட்டியான சாலை அவருடைய முட்டியைப் பதம் பார்த்தது.

ஜூலை 14, போட்டி நாள். வெயில் 32 டிகிரி. நமக்கு அது சாதாரணம். ஸ்வீடனில், பிற்பகலில், 40.2 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அது சாதாரணம் இல்லை. 68 பேர் கிளம்பினார்கள். பாதிப் பேர்தான் முடித்தார்கள். போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சர் வழியில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்துபோனார். நவீன ஒலிம்பிக்ஸில் போட்டியின்போது விழுந்து இறந்த முதல் வீரர் அவர்தான். கிரேக்கக் கதையில் வரும் சாவு நிஜமாகவே நடந்துவிட்டது.

அதே வெயிலில், சுமார் 27 கிலோமீட்டர் ஓடியபிறகு கனகுரியும் தள்ளாடி நின்றார். சாலையோரம் ஒரு குடும்பத்தின் தோட்டம். அந்த வீட்டார் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், குடிக்கவும் சாப்பிடவும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது போட்டி முடிந்திருந்தது. அமைப்பாளர்களிடம் முறையாகச் சொல்லாமலே தங்குமிடம் திரும்பி, பிறகு ஊருக்கும் போய்விட்டார். ஸ்வீடன் பதிவேட்டில் அவர் முடித்ததாகவும் இல்லை, விலகியதாகவும் இல்லை. மராத்தான் ஓடப் போய்க் காணாமல்போன ஜப்பான்காரர் என்று அந்த நாட்டில் அது ஒரு கதையாகவே நிலைத்துவிட்டது.

கனகுரிக்கு அது கதையாக இருக்கவில்லை. மறுநாள் நாட்குறிப்பில், வாழ்நாள் முழுக்க உறுத்தப்போகிற தோல்வி இது என்றும், ஒருநாள் இந்த அவமானத்தைத் துடைப்பேன் என்றும் எழுதினார். அடுத்த 1916 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குத் தயாரானார். உலகப்போர் வந்து அது ரத்து. 1920 ஆண்ட்வெர்ப்பில் 16-வது இடம். 1924 பாரிஸில் மறுபடியும் பாதி வழியில் நின்றுவிட்டார். பதக்கக் கணக்கில் பார்த்தால் கனகுரி ஷிசோ என்ற பெயருக்கு நேரே பூஜ்ஜியம்தான்.

தோளில் ஒரு துணிப்பட்டை

ஆனால் ஜப்பானில் இன்றைக்கு அவரை மராத்தானின் தந்தை என்கிறார்கள். காரணம் அவர் ஓடிய ஓட்டத்தைவிட, ஓட வைத்த ஓட்டம்.

1917-ல் தலைநகரம் டோக்கியோவுக்கு மாறிய 50-வது ஆண்டையொட்டி, யோமியூரி நாளிதழ் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு ஒரு தொடர் ஓட்டம் நடத்தியது. 500 கிலோமீட்டருக்கும் மேல், 23 கட்டங்கள், இரவும் பகலுமாக மூன்று நாள். டோக்கியோ பக்கத்து அணிக்காகக் கடைசிக் கட்டம் ஓடியவர் கனகுரி. அதற்கு வைத்த பெயர் எகிடென். "எகி" என்றால் பழைய நெடுஞ்சாலைகளில் குதிரை மாற்றும் தங்கல் நிலையம்; "டென்" என்றால் செய்தியைக் கடத்துவது. அரசாங்கத் தபால் போன வழியில், தபால் போன முறையிலேயே ஓட்டம்.

மூன்று வருடம் கழித்து 1920 பிப்ரவரியில், கனகுரியும் நண்பர்களும் சேர்ந்து டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்பும் கல்லூரி எகிடென்னைத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கண்டத்தையே குறுக்காக ஓடிக் கடக்கவேண்டும், அதற்கு மலை ஏறிப் பழகவேண்டும் என்று பேசப் போய்ப் பிறந்த யோசனை அது! முதல் வருடம் நான்கே நான்கு கல்லூரிகள். இன்று ஒவ்வொரு புத்தாண்டிலும் ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கிறது. போக 5 பேர், திரும்ப 5 பேர், மொத்தம் சுமார் 217 கிலோமீட்டர். நம் ஊரில் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பார்க்கிற மாதிரி, ஜப்பானில் குடும்பமாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2024-ல் 100-வது ஓட்டம் நடந்தது.

எகிடென்னில் கையில் குச்சி கிடையாது. தசுகி என்று ஒரு துணிப்பட்டை. நம்மூர் மேடையில் போடும் சால்வையை மடித்துக் குறுக்காக அணிந்த மாதிரி, தோளிலிருந்து இடுப்புக்கு வரும். ஒருவர் தன் 20 கிலோமீட்டரை ஓடி முடித்து, வியர்வையில் நனைந்த அந்தப் பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் விழுகிறார். பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதில் கொடுமையும் இல்லாமலில்லை. முதல் அணி ஒரு நிலையத்தைத் தாண்டிப் போய்க் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் உங்கள் ஆள் வந்து சேரவில்லை என்றால், அடுத்தவரை வேறு ஒரு மாற்றுப் பட்டையோடு கிளப்பிவிடுவார்கள். சில விநாடி தாமதத்தில் வந்து நிற்கும் பையன், கையில் பட்டையை வைத்துக்கொண்டு கொடுக்க ஆளில்லாமல் அழுவதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஒன்பது பேருடைய உழைப்பு தன்னால் போச்சு என்கிற பாரம் அது. எனவே "மராத்தான் கெட்டது, தொடர் ஓட்டம் நல்லது" என்று சுலபமாகத் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. மாற்றுப் பட்டை வைத்தாவது அடுத்தவரை ஓடவிடுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1967 மார்ச், ஸ்டாக்ஹோம்

ஒலிம்பிக்ஸ் நடந்த 55-வது ஆண்டை ஸ்வீடன்காரர்கள் கொண்டாட நினைத்தபோது, காணாமல்போன அந்த ஜப்பான்காரர் நினைவுக்கு வந்தார். ஆள் காணாமல் போகவே இல்லை, ஊரில் நன்றாகத்தான் இருக்கிறார், ஆசிரியர் வேலை பார்த்திருக்கிறார், பெண்கள் விளையாட்டையும் வளர்த்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்ததும், வந்து முடித்துக்கொடுங்கள் என்று அழைத்தார்கள்.

75 வயது கனகுரி போனார். கோட்டு, டை அணிந்தபடியே பழைய மைதானத்தில் கொஞ்சதூரம் ஓடி நாடாவைத் தொட்டார். ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தார்கள்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி. இத்துடன் 1912 ஒலிம்பிக்ஸ் நிறைவடைகிறது என்றும் சொன்னார்கள். கனகுரி அதற்குச் சொன்ன பதில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. ரொம்ப நீண்ட ஓட்டம் என்றார். நடுவில் கல்யாணமாகி, 6 பிள்ளைகளும் 10 பேரன் பேத்திகளும் வந்துவிட்டார்கள் என்றார்.

படித்தபோது சிரித்தேன். பிறகு, வாழ்நாள் முழுக்க உறுத்தும் என்று எழுதிய அந்த 20 வயசுப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். உறுத்தலை அவர் கோட்டைத் தொட்டுக் கரைக்கவில்லை. கோடு அவரைத் தேடி வந்தபோது, உறுத்தல் ஏற்கெனவே வேறு ஏதோவாக மாறியிருந்தது. 1983-ல், 92 வயதில் காலமானார்.

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! ஆனால் கனகுரி நாடாவைத் தொட்ட பத்தே மாதத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும்.

திரும்பிப் பார்க்காதவர்

1964 அக்டோபர், டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மராத்தான். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் முதலில் வந்து, களைப்பே இல்லாதவர் மாதிரி புல்தரையில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அடுத்து இரண்டாவதாக மைதானத்துக்குள் நுழைந்தவர் ஜப்பானின் சுபுராயா கோகிச்சி. தற்காப்புப் படையைச் சேர்ந்த 24 வயது இளைஞர். மைதானமே எழுந்து கத்தியது. அவருக்குப் பின்னால் சில அடி தூரத்தில் பிரிட்டனின் பேசில் ஹீட்லி வந்துகொண்டிருந்தார். சுபுராயா திரும்பிப் பார்க்கவில்லை. சிறுவயதில், ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அப்பா கண்டித்தது அவருக்குள் ஊறியிருந்தது என்பார்கள். கடைசிச் சுற்றில் ஹீட்லி தாண்டிவிட்டார். வித்தியாசம் 3.6 விநாடி.

வெண்கலம். அந்த ஒலிம்பிக்ஸில் தடகளத்தில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான். ஊர் அவரைக் கொண்டாடியது. அவரோ, மக்கள் கண்முன்னே மன்னிக்க முடியாத தவறு செய்துவிட்டேன், மெக்சிகோவில் ஈடுகட்டவேண்டும் என்று சக வீரர் கிமிஹாரா கென்ஜியிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாமே மெக்சிகோவுக்காக. கல்யாணம் செய்ய விரும்பினார். ஒலிம்பிக்ஸ் முடியட்டும் என்று மேலதிகாரி மறுத்ததில் அந்தச் சம்பந்தம் முறிந்தது. இடுப்பிலும் குதிகால் நரம்பிலும் காயம், அறுவை சிகிச்சை. 1968 ஜனவரியில், புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய சில நாட்களில், பயிற்சிப் பள்ளி விடுதி அறையில் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 27.

அவர் விட்டுப்போன கடிதம் ஜப்பானில் மிகவும் பிரபலம். பெற்றோருக்கும், ஒவ்வோர் அண்ணன் அண்ணிக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, அவர்கள் கொடுத்த பண்டங்களுக்கு நன்றி சொல்கிறார். காய்ந்த சீமைப்பனிச்சை, அரிசிக் கொழுக்கட்டை, சுஷி, ஆப்பிள்... எல்லாம் ருசியாக இருந்தது என்கிறார். கடைசியில், இனி ஓட முடியாத அளவுக்குக் களைத்துப்போய்விட்டதாகவும், பெற்றோர் பக்கத்திலேயே வாழ ஆசைப்பட்டதாகவும் எழுதுகிறார். புகார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது.

ஒரே நாடு, ஒரே போட்டி, ஒரே அவமான உணர்ச்சி. பாதியில் நின்றவர் 92 வரை வாழ்ந்தார். உலகத்திலேயே மூன்றாவதாக வந்தவரால் 28-ஐத் தொட முடியவில்லை. ஏன்?

இரண்டு வாழ்க்கையை ஒரு காரணத்தில் அடக்குவது நியாயமில்லை என்பது தெரியும். காலமும் சூழலும் வேறு. இருந்தாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கனகுரி விழுந்த இடத்தில் ஒரு தோட்டமும் நாலு மனிதர்களும் இருந்தார்கள். அப்புறம் அவர் சுமையை நூற்றுக்கணக்கான பையன்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு வழியையும் உண்டாக்கிக்கொண்டார். சுபுராயாவின் தோளில் ஒரு நாடே பட்டையாகத் தொங்கியது. அதை வாங்கிக்கொள்ள எந்த நிலையத்திலும் ஆள் நிற்கவில்லை. அடுத்த நிலையமும் அவரே, அதற்கடுத்ததும் அவரே. போதும், கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று சொல்லவேண்டியவர்கள் எல்லோரும் மைதானத்து இருக்கையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1968 அக்டோபரில் மெக்சிகோ மராத்தானில் கிமிஹாரா கென்ஜி ஓடினார். இரண்டாவதாக மைதானத்தை நெருங்கினார். ஓட்டத்தில் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கும் இல்லை. அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்த்தார். நியூசிலாந்தின் மைக் ரயன் நெருங்கி வந்துகொண்டிருந்தார். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓடி, 14 விநாடி முன்னால் முடித்து வெள்ளி வாங்கினார். அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கத் தோன்றியது சுபுராயாவால்தான் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கொடுக்கப்படாமல் போன பட்டையை ஒருவர் குனிந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது எனக்கு. என்ன, ஒன்பது மாதம் முன்பே யாராவது எடுத்திருக்கலாம்.

அஞ்சல் ஓட்டம்

எகிடென் என்ற சொல்லின் பொருளைப் பார்த்தபோது ஒரு விஷயம் பொறி தட்டியது. இலங்கைத் தமிழில் ரிலே பந்தயத்தை இன்றும் அஞ்சல் ஓட்டம் என்றுதான் சொல்கிறார்கள். தபாலையும் ஓட்டத்தையும் சேர்த்த அதே சொல்லமைப்பு! ஜப்பானைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, இங்கேயும் தபால் அப்படித்தான் ஓடியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உட்பட, அஞ்சல் என்றே பெயர் கொண்ட தபால் துறை இருந்தது. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடி வந்தால் மற்றவர்கள் வழிவிடவேண்டும். தன் எல்லை வரை ஓடி, பையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். 1951-ல் அந்தத் துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

ஃபிலிப்பிடிஸும் அடிப்படையில் அந்த வேலைக்காரர்தான். செய்தி போய்ச் சேரவேண்டும், அதற்காக ஓடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அந்தத் தபால்காரரை எடுத்து, பையைக் கீழே போட்டுவிட்டு, சாவை மட்டும் பதக்கமாக மாட்டிவிட்டது. இன்று "வாழ்க்கை ஒரு மராத்தான்" என்று நாம் சொல்லும்போது பொறுமையைத்தான் சொல்ல நினைக்கிறோம். ஆனால் கூடவே அந்தத் தனிமையும், யாரோ போட்ட கோடும், விழுந்தாலும் கோட்டைத் தாண்டித்தான் விழவேண்டும் என்கிற கட்டளையும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

நாற்பதைத் தாண்டிய என் வயதுக்காரர்களிடம் இதைப் பார்க்கிறேன். வீட்டுக்கடன், பிள்ளை படிப்பு, வயதான பெற்றோர், வேலை போய்விடுமோ என்ற பயம். எல்லாம் ஒரே தோளில். "எப்படிப் போகுது?" என்றால் "ஏதோ ஓடுது" என்கிறார்கள். அந்தப் பதிலுக்கு மேல் நாமும் கேட்பதில்லை.

எங்கள் துறையில் வேலையை விட்டுப் போகிறவரிடம் "கே.டி. கொடுத்துட்டுப் போப்பா" என்பார்கள். தெரிந்ததையெல்லாம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது. போகும்போதுதான் கேட்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு வாங்கும்போதே, "இந்தா, கொஞ்சதூரம் நீ ஓடு" என்று பையை நீட்டுவதற்கு நாம் பழகவே இல்லை. நீட்டினால் வாங்கிக்கொள்ள நிலையத்தில் ஒருவர் நிற்கவேண்டும் என்பது அதற்கும் முந்தின விஷயம். என் அளவில் இப்போதைக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். "ஏதோ ஓடுது" என்று யாராவது சொன்னால், "எதைத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க?" என்று இன்னொரு கேள்வி கேட்கிறேன். சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரர்களைப் பற்றி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தனியாக எழுதவேண்டும்.